ஒரே சுவரில் இரண்டு நிறம்

வெள்ளிக்கிழமை இரவு.

நாளை மாலை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். என் வீட்டுக்காரர் லீவு போட்டு முன்னறைக்குப் பெயின்ட் அடித்தார். பொழுது சாய்ந்து லைட்டைப் போட்டதும் சுவரின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி வெளுத்தும் தெரிந்தது.

“பெயின்ட்ல தண்ணிய கூடுதலா ஊத்திட்டீங்க,” என்றேன்.

அவர் வெளுத்த பாதிக்கு மறுபடியும் அடித்தார். அப்போதும் அப்படியேதான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகள் ஸ்டூலில் ஏறி, பலாங்கொடை டவுனில் வாங்கி வந்த இரண்டு எல்.ஈ.டி. பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டாள். சுவரின் நிறமும் இடம் மாறியது.

“பெயின்ட் சரிதாம்மா. பல்புதான் ஒண்ணு மஞ்ச, ஒண்ணு வெள்ள.”

அவர் பிரஷ்ஷை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“மாப்பிள்ளைய வெள்ள பல்புக்குக் கீழ உக்கார வைங்க. எனக்கு நல்லா தெரியணும்,” என்றாள் மகள்.

கல்யாணப் பேச்சை எடுத்த நாளிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்காதவள். இனி எனக்குத் தூக்கம் வரும்.