தகடுகளும் நலம்

அன்புள்ள மகள் பஞ்சுவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலையும் என் மூக்குக்கண்ணாடியையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே எல்லோரும் நலம், சுவரில் பட்டி பூசும் உன் தகடுகளும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கம்பளியை ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, ஏணியில் பார்த்து ஏறி இறங்கி நன்றாக இருக்கிறாய் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வந்தது. அப்பா உரக்கப் படித்தார், பிறகு நான் வாங்கி மெதுவாகப் படித்தேன். வேலை செய்யும் இடத்தில் உன்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள், மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், சரி என்று சொன்னால் சில வருஷங்களுக்கு வீட்டுப்பக்கம் வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வேலைச் சாமானையெல்லாம் கீழ்வீட்டுப் பெயிண்டர் மாமாவிடம் கொடுத்துவிடு, சுவரையும் அவரையே முடிக்கச் சொல்லிவிடு என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மிஷினில் கை ஓடவில்லை. பாங்க்காரர் சட்டைக்கு இடதுகையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன், பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சுவர் நீ விட்டுப்போன மாதிரியே நிற்கிறது. அம்மாவுக்குத் தையலுக்கென்று தனியாக ஒரு அறை வேண்டும் என்று கூடத்தை இரண்டாகத் தடுத்து ஜிப்சம் பலகை நிறுத்தினாய், பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் நாடா ஒட்டினாய், சுவரை வழவழவென்று ஆக்கும் பட்டியை முதல் கை பூசினாய், அது காய்வதற்குள் உனக்கு அங்கிருந்து வேலைக்கு அழைப்பு வந்துவிட்டது. அடுத்த கை நான் வந்துதான் போடுவேன், யாரையும் தொடவிடாதே, தகடுகள் நனையாமல் பார்த்துக்கொள் என்று வண்டியில் ஏறிய பிறகும் தலையை வெளியே நீட்டிச் சொல்லிக்கொண்டே போனாய். துணி கொடுக்க வருகிறவர்கள் இது என்ன டிசைன் என்று கேட்கிறார்கள், நானும் இதுதான் இப்போது புதுசு என்று சொல்லிவைக்கிறேன். மத்தியானத்தில் ஜன்னல் வெயில் சாய்ந்து வரும்போது நீ பார்க்க வேண்டும். பட்டி போட்ட இடமெல்லாம் மேடும் பள்ளமுமாகத் தெரியும், உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிய சட்டை மாதிரி. உன் கை எங்கே அழுந்தியது, எங்கே மூச்சு வாங்கித் திரும்ப ஆரம்பித்தாய் என்பதுகூடத் தெரிகிறது. வெயில் மெல்ல மெல்ல நகரும்போது சுவரும் கூடவே நகர்கிற மாதிரி இருக்கும், நான் ஊசியில் நூலைக் கோத்தபடி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன், எத்தனை நேரம் என்று தெரியாது. அப்பா வந்து, என்ன ராணியம்மா, சினிமா முடிஞ்சுதா, எனக்கு ஒரு வாய் காப்பி கிடைக்குமா என்று கேட்டால்தான் இந்த உலகத்துக்கு வருவேன்.

சாமான் கதையையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. நீ போன கையோடு உன் அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. மிச்சம் கிடந்த பலகைத் துண்டுகளை அளவாக வெட்டி உன் பெட்டிக்கு அடியிலும் பக்கங்களிலும் நகைப்பெட்டி மாதிரி பதித்தார். பிஸ்கட்டு மாதிரி காஞ்ச பலகை, இதுக்குள்ள ஈரம் எப்படி வரும்னு கேக்கறேன் என்று மார்தட்டிக்கொண்டு, தகடுகளை அதன்மேல் படுக்கவைத்து, பெட்டிக்கு மேலே பிளாஸ்டிக் தாளையும் இறுக்கிச் சுற்றினார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை, வெளிச்சுவரில் ஓதம் ஏறியது. ஒரு காலையில் சந்தேகம் வந்து பெட்டியைத் திறந்தால், அந்தப் பலகைத் துண்டுகள் தாளின் மடிப்பு வழியே புகுந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு ஊறிப்போய்க் கிடக்கின்றன, பிளாஸ்டிக் அதை வெளியே விடாமல் காவல் காத்திருக்கிறது. உன் அகலத் தகட்டின் முகம் முழுக்கப் பழுப்புப் புள்ளி. அப்பா பேயறைந்த மாதிரி நின்றார், பாவம், அன்றைக்குச் சாப்பாடுகூடக் கேட்கவில்லை.

அப்புறம் நான்தான் இறங்கினேன். மிஷினுக்குப் போடும் எண்ணெயைத் தொட்டுத் தேய்ந்த உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தேன், விளிம்பில் மட்டும் கைவைக்கவில்லை. அதில் ஒரு சின்னப் பல் விழுந்தாலும் சுவர் நெடுக்கக் கோடு இழுக்கும் என்று, அப்பா அந்தத் தகட்டால் டப்பா மூடியை நெம்பியபோது நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கைப்பிடியோரம் நீ சுரண்டாமல் விட்ட பட்டி காய்ந்து ஒட்டியிருந்தது, அதற்கு அடியில்தான் துரு அதிகம், அதையும் எடுத்துவிட்டேன். இப்போது தகடுகளைப் பெட்டியில் வைப்பதே இல்லை. ஓதம் வராத உள்சுவரில், இஸ்திரி மேஜைக்கு மேலே ஆணி அடித்து, ஒன்றோடொன்று உரசாமல் காற்றாடத் தொங்கவிட்டிருக்கிறேன். துணிக்கு இஸ்திரி போட்டு முடித்ததும் ஒரு பழைய துணியைச் சூடாக்கி, அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மாட்டிவிடுவேன். பட்டி குழைக்கும் தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பலகை அறுக்கும் சின்ன ரம்பத்தை மட்டும் பெட்டியில் போட்டு, மருந்து டப்பாக்களில் தின்னக்கூடாது என்று எழுதி வருமே குட்டிப் பொட்டலம், ஈரத்தை இழுக்குமே, அதைக் கூட வைத்திருக்கிறேன். அது அப்பாவின் இலாகா. மாத்திரை வாங்காமல் பொட்டலம் மட்டும் கேட்டு வருகிற ஒரே ஆள் இவர்தான் என்று மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறாராம்.

ஒரு மத்தியானம் தைத்தபடியே கண் அசந்துவிட்டேன். கனவில் நீ சுவருக்கு முன்னால் நிற்கிறாய், தலை புருவம் எல்லாம் வெள்ளைப் பொடி, பஞ்சு என்று நாங்கள் பேர் வைத்த அதே கோலம். தகடு மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வருகிறது, சர்ரென்று நீளமாக ஒரு சத்தம், அது போன இடமெல்லாம் சுவர் பால் மாதிரி ஆகிறது. நீ திரும்பவே இல்லை, எனக்கும் கூப்பிடத் தோன்றவில்லை. விழித்துப் பார்த்தால் வெளியே மழை, கூரையில் அதே சத்தம். அழுதேனா என்று கேட்காதே. கொஞ்சம் அழுதேன், பிறகு எழுந்து தகடுகளைத் துடைத்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு, நீ சொன்னபடியே செய்துவிடுவோம் என்று பெயிண்டர் மாமாவை மேலே கூப்பிட்டேன். அவர் அகலத் தகட்டை ஆணியிலிருந்து எடுத்தார், கட்டைவிரலால் தடவினார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், திரும்ப அதே ஆணியில் மாட்டிவிட்டார். அக்கா, இது வேலையை விட்டுப்போன ஆளோட சாமான் மாதிரி இல்லையே, மத்தியானம் சாப்பிடப் போன ஆளோட சாமான் மாதிரில்ல இருக்கு, இத நான் எப்படி எடுத்துட்டுப் போறது என்று கேட்டார். தகட்டப் பட்டியில வைக்கறதுக்கு முன்னாடி எண்ணெயச் சுத்தமாத் துடைக்கச் சொல்லுங்க, இல்லாட்டி பெயிண்டு நிக்காது என்று வாசல்வரை போய்த் திரும்பிச் சொன்னார், உடனே, பாப்பாவுக்குத் தெரியாததா என்று அவரே சிரித்துக்கொண்டார்.

பஞ்சு, சாமானைக் கொடுத்துவிடச் சொன்னது எதற்கென்று பெற்றவளுக்குத் தெரியாதா. அவை இங்கே தொங்குகிறவரை நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்போம், அந்த நினைப்பு உன் காலைப் பிடித்து இழுக்கும் என்றுதானே. உண்மைதான், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் கடிதம் எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ அங்கே முடிக்கிற சுவர்களைப் பற்றி எழுதும்போது உன் எழுத்தே துள்ளுகிறது, அதையும் நான்தானே படிக்கிறேன். அதனால் சரி என்று பதில் சொல்லிவிடு, எங்களைக் கேட்டுச் சொல்வதாக இழுத்தடிக்காதே, அப்பாவும் இதையேதான் சொல்கிறார், சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் நின்றார். சாமானை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன். சுவரும் இப்படியே இருக்கட்டும், எனக்கு அது பழகிவிட்டது. துருப்பிடிக்காமல் வைத்திருப்பது என் வேலை, வருவதும் வராததும் உன் சௌகரியம், இரண்டையும் சேர்த்து நீயாக முடிச்சுப் போட்டுக்கொள்ளாதே. நீ வந்தே ஆகவேண்டும் என்று நான் துடைக்கவில்லை. அவற்றைத் துடைக்கிற கொஞ்ச நேரம் நீ வீட்டில்தான் இருக்கிறாய், எனக்கு அது போதும்.

எங்கே நின்று வேலை செய்தாலும் உன் கை நடுங்காமல், ஏணி வழுக்காமல், நினைத்ததெல்லாம் நேராக வர வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். அங்கே எப்போதும் குளிர், எப்போதும் தூறல் என்கிறாய். வேலை முடிந்து வந்ததும் தலையிலுள்ள வெள்ளைப் பொடி போகக் குளிப்பாய், எவ்வளவு அசதியாக இருந்தாலும் தகடுகளைக் காயத் துடைத்துவிட்டுத்தான் படுப்பாய், அது எனக்குத் தெரியும். கண்ணே, தலையையும் காயத் துவட்டிவிட்டுப் படு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா