கேட்காமல் வந்த கொசுறு

ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசி 1971. கும்மிடிப்பூண்டி.

“ஒண்ணுமே கிடைக்காதவன் எதுக்கு சார் நன்றி சொல்லணும்?” என்று முன்பு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அன்று உதாரணங்களாக அடுக்கினேன். இன்று ஒன்றும் தோன்றவில்லை.

பக்கவாதத்தில் படுத்த என் மனைவி கமலாவுக்குப் பேச்சு திரும்பாது என்று திருவள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் மண்ணெண்ணெய் வாங்கிய கையோடு, அவளுக்குப் பிடித்த இறாலுக்காகச் சந்தைக்குப் போனேன்.

“இன்னா சாரு, சண்டக்கார அக்காவக் காணோம்?” என்றாள் பழவேற்காட்டு மீன்காரி.

சொன்னேன். நிறுத்த இறாலைப் பையில் கொட்டினாள். பிறகு இன்னொரு கை அள்ளி அதன்மேல் போட்டாள். “கொசுறு. அக்கா என்னைத் திட்டியே வாங்கினு போவும். நீ வாயே தொறக்க மாட்டேன்றியே!”

கமலாவிடம் அதைச் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

மாலையில் பழைய கடிகாரம் ஒன்றைப் பிரித்து ஓடவைத்தேன். என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியத்தை அவள் கேலி செய்வாள். இன்று கடிகாரச் சத்தம் மட்டும்தான்.

அந்த ஒரு கை இறாலுக்காவது நன்றி என்று எழுதப் பார்க்கிறேன். மனம் வரவில்லை. அது எனக்கு வந்ததில்லை, அவளுடைய சண்டைக்கு வந்தது.

எனக்கு நானே எழுதிவைக்கிறேன்: அடுத்த ஞாயிறும் அந்த மீன்காரியிடமே போ. கமலாவைப் போலச் சண்டை போட்டுக் கொசுறு கேள்.