எலிக்குத் துடக்கு இல்லை

நவம்பர் 12, புதன்
விடியவே மழை. வயலில் நெல்லை எலி வெட்டுகிறதாம். இவர் இருந்திருந்தால் இதற்குள் பொறி வைத்திருப்பார். எனக்குப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. சாவுத் துடக்காம், தீட்டாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை புருசனைப் பறிகொடுத்தவள் வாசல் படலை தாண்டக் கூடாதாம். சொல்வது மச்சாள், இவருடைய அக்கா.

திங்கட்கிழமை எனக்குக் கொழும்பில் ஸ்கான். மார்பில் உள்ளது வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க. மச்சாளுக்குத் தெரியும். சொன்னால் காதில் விழாத மாதிரித் தேங்காய் துருவுகிறா.

மிளகாய் காயவில்லை. சாக்குத் தைக்க வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்
மச்சாளின் மகன் சுதன். செத்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவன், இன்னும் நிற்கிறான். அங்கே அவனுக்கு எலிக்கு இதே ஸ்கான் எடுக்கிற வேலை. போனில் படம் காட்டினான். வளையம் மாதிரிச் சின்ன மெஷின். நடுவில் வெள்ளை எலி, மயக்கத்தில்.

"மாமி, சீனி மாதிரி ஒரு மருந்தை ஊசியில ஏத்துவம். புற்று இருக்கிற இடம் அதைக் கூட இழுக்கும். படத்தில அந்த இடம் எரியும்."

"எலிக்கு எப்பிடியடா புற்று வந்தது?"

"நாங்கள்தான் குடுக்கிறது."

நல்ல ஆட்கள்.

"முந்தின மெஷினில பெருத்தாப் பிறகுதான் தெரியும். இப்பத்தையது கடுகளவையும் பிடிச்சிடும். முந்திக் கிழமைக்குக் கிழமை எலியளைச் சாகடிச்சு, வெட்டிப் பாத்தவை. இப்ப ஒரே எலியை உயிரோட திரும்பத் திரும்பப் பாக்கலாம்."

ஊசிக்கு முன்னம் எலியைச் சூடாக வைக்க வேண்டுமாம். குளிர்ந்தால் கொழுப்பும் எரிந்து படம் குழம்பிவிடுமாம். எலிக்குச் சூட்டுப் படுக்கை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பிப் போய்ச் சாக்குத் தைக்க இருந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி
இவருக்கும் இதே ஸ்கானுக்குத் திகதி கிடைத்தது. புற்று தொண்டையில் மட்டும்தான் என்று நினைத்திருந்த நேரம். அந்தக் கிழமை பார்த்து இவருடைய அம்மா செத்தா. கொள்ளி வைத்தது இவர். கொள்ளி வைத்தவன் அந்தியேட்டிக்கு முன்னம் தூர இடம் போகக் கூடாது என்றது இதே மச்சாள். இவரும் தலையாட்டினார். அடுத்த திகதிக்குப் போனபோது ஈரல் முழுக்க.

இதை இப்போது ஒருவரும் கதைப்பதில்லை.

நவம்பர் 15, சனி
வெடித்துவிட்டேன். மத்தியானம், சாப்பாட்டு நேரம்.

மச்சாள்: "அந்தியேட்டி முடியட்டும். வேற திகதி எடுக்கலாம்."

நான் சுதனைக் கேட்டேன். "தம்பி, உன்ரை எலியளுக்கு ஒரு கிழமை தவறினா?"

"தவற விடுறேல்ல மாமி. கடுகளவா இருந்தது கெதியா நெல்லளவாகும்."

"அதுகளின்ரை கூட்டில ஒண்டு செத்தா மற்றது துடக்குக் காக்குமோ?"

தாயைப் பார்த்தான்.

"மனிசரை எலியோட வைச்சுக் கதைக்கிறியோ?" மச்சாளின் குரல் அயல் வளவுவரை கேட்டிருக்கும். "புருசன்ரை சாம்பல் ஆற முந்திக் கொழும்புக்கு வெளிக்கிட்டிட்டாள் எண்டு சனம் கதைக்கும்!"

"கதைக்கட்டும். உங்கடை தம்பி வீட்டோட கிடந்தார். நல்ல பிள்ளை எண்டு சனம் சொன்னது. இப்ப எங்கை அந்த நல்ல பிள்ளை?"

மச்சாள் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டு அடுப்படிக்குள் போனா. நிலமெல்லாம் சோறு. கூட்டியது நான்.

நவம்பர் 16, ஞாயிறு
பையில்: கிளினிக் கொப்பி, சீலை, துவாய், தண்ணீர்ப் போத்தல். சுதனும் வருகிறேன் என்றான். படலைக்குக் குறுக்கே கதிரை போட்டு இருந்தா மச்சாள்.

"தாண்டினியெண்டா அந்தியேட்டிக்கு நான் நிக்கமாட்டன்."

"நிக்காதேங்கோ. சமைக்க ஆக்கள் இருக்கினம்."

படலையை அவாவே வைத்திருக்கட்டும். பின் வேலி பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து போனோம். சீலை கிழிந்தது. பஸ்ஸில் சுதன் சிரிக்கத் தொடங்கினான். எனக்கும் வந்தது. பிறகு அழுகை. பிறகு திரும்பவும் கோபம். கோபம்தான் வசதி.

நவம்பர் 17, திங்கள், கொழும்பு
ஊசி போட்டு, படம் எடுத்தாயிற்று. வளையத்துக்குள் கிடந்த முழுநேரமும் மனதுக்குள் இவரோடு சண்டை. ஏனப்பா தலையாட்டினீங்கள்? ஒருக்கால் முறைச்சிருக்கலாமே?

முடிவு வரக் கொஞ்ச நாளாகுமாம்.

வெளிக்கிடும்போது தமிழ் தெரிந்த தாதி ஒருத்தி மறித்தா. "அம்மா, இண்டைக்குக் குழந்தையளுக்கும் பிள்ளைத்தாச்சியளுக்கும் கிட்டப் போகாதேங்கோ. ஊசி மருந்தின்ரை கதிர்வீச்சு உடம்பில நிக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாளோ? நாளைக்கு விடிய ஒண்டும் இராது."

துடக்கென்றால் இப்படி இருக்க வேண்டும்.