ஒன்பதாவது புள்ளி

ஷார்ஜாவுக்கு வெளியே, நங்கூரத்தில்
ஜூலை 2009

அன்புள்ள வடிவுக்கு,

விஜயபாஸ்கர் எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உடம்புக்கு ஒன்றும் இல்லை, அது போதும். அங்கே நீங்களும் மாமாவும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

நிச்சயம் முடிந்து நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொன்னால் என்ன என்று நினைப்பீர்கள். போனில் சார்ஜ் இல்லை. ஜெனரேட்டர் ஓடினால்தான் சார்ஜ், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. இருந்திருந்தாலும் போனில் சொல்லியிருக்க மாட்டேன். நான் பாதியில் எரிந்து விழுவேன், நீங்கள் பேசாமல் இருப்பீர்கள், லைன் போய்விடும். ஆவணி முகூர்த்தம் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதை ஒரு வரியில் எழுதிப் பார்த்தேன், நன்றாக இல்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். இன்னொன்று, நீங்கள் நீங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று நீ என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். எந்த நாட்டுக் கப்பல் என்று. துவாலு என்றேன். அது எங்கே இருக்கு என்றாய். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. கப்பலுக்குப் பின்பக்கம் ஒரு ஊர்ப் பெயர் எழுதியிருக்கும், அது லாரிக்கு நம்பர் பிளேட் மாதிரி, கப்பல் அந்த ஊருக்குப் போக வேண்டியதே இல்லை என்று விளக்கம் கொடுத்தேன். நீ எழுந்து உள்ளே போய் அட்லஸை எடுத்து வந்து, எல்லார் முன்னாலும் விரித்துத் தேடினாய். என் அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு, தேட வேண்டாங்க, எங்கயாவது இருக்கும், நமக்கென்ன என்றேன். நீ அட்லஸை மூடிவிட்டாய்.

இப்போது தெரியும். சொல்கிறேன். அதற்கு முன்னால் இங்கே என்ன நிலைமை என்று எழுதிவிடுகிறேன்.

பங்குனியில் இங்கே நங்கூரம் போட்டோம். அதற்குப் பிறகு முதலாளி போனை எடுக்கவில்லை. துபாய்ப் பக்கம் எல்லாம் நொடித்துப்போனது பேப்பரில் படித்திருப்பாய். பாதியில் நின்ற கட்டடங்கள் கரையில் வரிசையாகத் தெரிகின்றன. மேலே கிரேன்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றனவோ அந்தப் பக்கமே பார்த்து நிற்கின்றன. அவ்வளவு பெரிய நஷ்டத்தில் எங்கள் பழைய சரக்குக் கப்பலை யார் நினைக்கப் போகிறார்கள். குடிக்கும் தண்ணீர் படகில் வருகிறது, வராத வாரமும் உண்டு. அரிசியில் புழுவைப் பொறுக்குவதை விட்டுவிட்டோம். ரூமுக்குள் இரும்பு கொதிக்கிறது, எல்லோரும் டெக்கில்தான் படுக்கிறோம். கேப்டன் கட்ச் பக்கத்து ஆள், தினமும் சவரம் செய்து யூனிஃபார்ம் போட்டுக்கொள்கிறவர். இப்போது லுங்கியோடு உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுதான் எனக்கு முதலில் பயம் கொடுத்தது.

கப்பல் மூழ்காமல் இருக்க எங்களிடம் இருப்பது ஒரு பம்ப். புரொப்பல்லர் ஷாஃப்ட் கப்பலை விட்டு வெளியே போகும் இடத்தில் கசிவு இருக்கிறது. தண்ணீர் இன்ஜின் ரூமின் அடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். தினமும் அந்தக் குட்டி டீசல் பம்ப்பை ஓட்டி இறைக்க வேண்டும். இருக்கிற டீசலை அதற்குத்தான் வைத்திருக்கிறோம்.

போன வாரம் ஏஜென்ட் மக்தூம் படகில் வந்தார். ஒரு தர்ம ஸ்தாபனம் எல்லோருக்கும் டிக்கெட் போட ஒத்துக்கொண்டதாம். ஆனால் ஆளில்லாத கப்பல் நங்கூரத்தில் நிற்கக் கூடாது, கோர்ட் இதை விற்கிற வரைக்கும் ஒரு ஆள் மேலே இருக்கணும், யாருன்னு நீங்களே பேசி எழுதிக் கொடுங்க, கலாஸ், அவ்வளவுதான் என்றார். கோர்ட் எப்போது விற்கும் என்று, என்னோடு இன்ஜின் ரூமில் வேலை பார்க்கும் பத்மநாபன் அண்ணன் கேட்டார். மக்தூம் மேலே கையைக் காட்டினார். நல்ல மனுஷன்தான், போகும்போது தன் சிகரெட் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் போகலாம்.

இனி துவாலு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் ஃபிஜி இருக்கிறதே, அதற்கு வடக்கே, தேதி மாறுகிற கோட்டுக்குப் பக்கம். மொத்த நாட்டுக்கும் பத்தாயிரம் பேர் தேறுவார்கள். ஆனித் தேருக்கு வடம் பிடிக்க அதைவிடக் கூட்டம் வரும். மலை இல்லை, ஆறு இல்லை. மழை பெய்து கூரையிலிருந்து தொட்டிக்கு வந்தால்தான் குடிதண்ணீர். தலைநகரத்தின் பெயர் ஃபுனாஃபுதி. எங்கள் கப்பலின் பின்னால் எழுதியிருப்பது அதுதான். அங்கே சில இடங்களில் நிலம் ஒரு ரோட்டின் அகலம்தானாம், இரண்டு பக்கமும் கடல். விமானம் இறங்கும் ஓடுதளத்தில்தான் சாயங்காலம் பந்து விளையாடுவார்கள், புழுக்கமான நாளில் பாயும் தலையணையும் கொண்டுபோய்ப் படுப்பார்கள். விமானம் வருகிறது என்று சங்கு ஊதினால் எழுந்து ஓரமாகப் போக வேண்டும்.

இதெல்லாம் எனக்குச் சொன்னது தவிதா. எங்கள் கப்பலில் டெக் வேலை பார்க்கிறவன், என் வயதுதான், அந்த நாட்டுக்காரன். பெயரைக் கேட்ட அன்றே பத்மநாபன் அண்ணன், பொட்டப்பிள்ள பேரு மாதிரில்லா இருக்கு என்று ஆரம்பித்துவிட்டார். அது தாவீது என்கிற பைபிள் பெயர். எனக்கு அவனைப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையைத் தொட மாட்டான். என்ன கேட்டாலும் முதலில் சிரிப்பான், பிறகுதான் பதில். சாயங்காலமானால் பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டு அவன் ஊர்ப் பாட்டு. மெதுவாகத் தொடங்கி வேகமாகி வேகமாகி ஒரே அடியில் நிறுத்துவான், நிம்மதி என்று நினைக்கும்போது மறுபடி மெதுவாகத் தொடங்குவான். அங்கே ஊரே கூடி உட்கார்ந்து இப்படித்தான் பாடி ஆடுவார்களாம். நான் ஒரு நாள் டின்னைப் பிடுங்கிக் கடலில் வீசினேன். மறுநாள் வேறு டின்னோடு வந்தான். ஆனால் நாங்கள் சாப்பிடுகிற மீன் அவன் பிடித்தது. அதையும் எழுத வேண்டும்.

இங்கே மேகமே வராத வானத்தைப் பார்த்து ஒரு நாள், இது ரிப்பேரா என்று என்னிடம் கேட்டான், நான் இன்ஜினீயர் என்பதால்.

அவர்கள் சாப்பாடு நம் சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு பெரிய கிழங்கு, புலாகா என்று பெயர். நிலத்தடித் தண்ணீர் தட்டுகிற வரைக்கும் குழி தோண்டி அதில் வளர்ப்பார்கள். குழிக்கு என்ன தழை போடுவது என்பதை ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லாதாம். இப்போது அந்தக் குழிகளில் உப்பு ஏறிக் கிழங்கு அழுகுகிறது. கடல் வருகிறதென்றால் கரையில் சுவர் கட்ட வேண்டியதுதானே, இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன். சிரித்தான். கடல் பக்கவாட்டில் வரவில்லை, அடியிலிருந்து வருகிறது என்றான். அந்தத் தரை பவளம், பஞ்சு மாதிரி ஓட்டை. கடல் ஏறும் நாளில் முற்றத்து நடுவில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வருமாம். அதற்கு என்ன செய்வது என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குப் பம்ப் கிடையாது.

துவாலு என்றால் எட்டுப் பேர் சேர்ந்து நிற்பது என்று அர்த்தமாம். வாலு என்றால் எட்டு. ஆனால் தீவுகள் ஒன்பது. எண்ணக்கூடத் தெரியாதா உங்களுக்கு என்று கேட்டேன். தெற்கே தனியாக நியுலகிதா என்று ஒன்று இருக்கிறதாம், அதில் நிலையாக யாரும் குடியிருக்கவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு நியுதாவோ தீவுக்காரர்கள் தங்கள் குடும்பங்களை அங்கே அனுப்பிக் குடிவைத்தார்கள். இவன் நியுதாவோக்காரன். இவன் சின்னப் பையனாக இருந்தபோது இவர்கள் வீட்டுக்கும் முறை வந்து, போய் இருந்திருக்கிறார்கள். சாமான் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே போய் என்னத்துக்கு இருக்கணும் என்றேன். ஆள் இருந்தாத்தானே ஊரு, இல்லன்னா மணல்தானே என்றான். எனக்கு இந்த மாதிரிப் பதில் ஆகாது. போடா என்று எழுந்து வந்துவிட்டேன்.

மக்தூம் போன பிறகு கேப்டன் பேப்பரைக் கிழித்துக் குலுக்கல் சீட்டு எழுதத் தொடங்கினார். தவிதா அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். சீட்டு வேண்டாம், எங்க ஆளுங்களுக்கு இது பழக்கம், எட்டுப் பேரு கிளம்புங்க, ஒன்பதாவது நான் என்றான். வழக்கம்போல் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லோரும் டெக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்மநாபன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ வாயத் தொறக்காத டே, அவனாத்தான ஒத்துக்கிட்டான், ஆவணியில கல்யாணத்த வச்சுக்கிட்டு நாயம் பேசப் போகாத என்றார். சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன், வடிவு. அன்று சாப்பாடுகூட இறங்கியது.

மறுநாள் காலை, இருக்கப் போகிறவனுக்குப் பம்ப்பைக் காட்டிக்கொடுக்க வேண்டுமே என்று தவிதாவை இன்ஜின் ரூமுக்குக் கூட்டிப் போனேன். டார்ச் அடித்துக் காட்டினேன். தரைத் தகடுகளுக்கு அடியில் தண்ணீர் கறுப்பாக மினுங்கியது. எங்க ஊர்லயும் இப்படித்தான், கீழ இருந்துதான் வரும் என்றான். பம்ப்பை ஸ்டார்ட் பண்ணு என்றேன். அது கிழட்டு மிஷின். டீசல் பைப்பில் காற்று ஏறிவிடும், முதலில் அதை எடுக்க வேண்டும், பிறகு ஒரு கையால் லிவரைத் தூக்கிக்கொண்டு மறுகையால் சுற்றி, சத்தம் மாறும் நொடியில் லிவரை விட வேண்டும். அந்தச் சத்தம் எனக்கே பாதி நாள் பிடிபடாது. அவன் என்னைவிடப் பலசாலி. சுற்றினான், சுற்றினான், வேர்த்து வழிந்தது. கிளம்பவில்லை. நான் ஜல்தி ஜல்தி என்று கத்தினேன். அன்று மட்டுமில்லை, அடுத்த மூன்று நாளும் கிளம்பவில்லை.

கடைசியில் உட்கார்ந்துகொண்டு, இது ஓடலன்னா என்ன ஆகும் என்றான். தண்ணீர் ஏறும், பின்பக்கம் இறங்கும், ஒரு நாள் மொத்தமும் போகும் என்றேன். கரைதான் தெரியுதே, நீந்திருவேன் என்றான்.

அவனுக்கு அது பதில். வடக்கே ஷமால் காற்று கிளம்பினால் இந்தக் கடலில் நீச்சல் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுதான். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டு விமானத்தில் ஏற வேண்டும்.

இதில் தியாகம் ஒன்றும் இல்லை. ஊரில் யாராவது அப்படிப் பேசினால் நீயே நிறுத்து. பம்ப் தெரிந்தவன் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் இரண்டு பேர். பத்மநாபன் அண்ணனுக்குச் சர்க்கரை, மாத்திரை தீர்ந்து, கால் புண் ஆறாமல் கிடக்கிறது. மிச்சம் யார் என்று நீயே பார்த்துக்கொள். கேப்டனிடம் போய்ப் பெயரை மாற்றி எழுதுங்கள் என்றேன். ஏக் பார் சோச் லோ பாயி என்றார். யோசித்தாயிற்று, எழுதுங்கள் என்றேன்.

தவிதா சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். கோபம். என் முறைய நீ எதுக்கு எடுத்த என்றான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, டின்னும் தட்டவில்லை. கப்பல் அவ்வளவு சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இன்று காலை அவனுடைய தூண்டில் கயிறு, முள், ஈயக்குண்டு எல்லாம் என் பாயில் வைத்திருந்தது. பக்கத்தில் பிஸ்கட் டின்.

ஆவணிக்கு நான் வர மாட்டேன். கார்த்திகைக்கா, அடுத்த வருஷமா, அதுவும் தெரியாது.

பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தால் நிறுத்தச் சொல். என் அம்மாவுக்கு நான் தனியாக எழுதவில்லை. எழுதினால் படிக்கத் தெரிந்த யாராவது பாதியை விட்டுவிட்டுப் படிப்பார்கள். நீ நேரில் போய்ச் சொல். சாப்பிட்ட பிறகு சொல், அதற்கு முன்னால் வேண்டாம். அழுதால் பக்கத்தில் இரு, ஆறுதல் ஒன்றும் சொல்லாதே, அம்மாவுக்குப் பிடிக்காது. மாமா வேறு இடம் பார்க்க நினைத்தால் நான் தப்புச் சொல்ல மாட்டேன். இந்த வரியை எழுத வேண்டும் என்று பத்மநாபன் அண்ணன் சொன்னார், எழுதிவிட்டேன். இதைக் கொண்டு வருகிறவரும் அவர்தான், ஊருக்குப் போகும் வழியில் உங்கள் வீட்டில் இறங்குவார். காபி கொடு. சர்க்கரை கேட்பார், போடாதே.

நாளை படகு வரும். நீயும் வீட்டில் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

அந்த அட்லஸை எடுத்துப் பார். ஃபிஜிக்கு மேலே, தேதிக் கோட்டை ஒட்டிப் பொடிப் பொடியாகப் புள்ளிகள் இருக்கும். அன்று நான் தேட விட்டிருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய். எல்லாவற்றுக்கும் தெற்கே தள்ளி ஒன்பதாவது இருக்க வேண்டும். சின்ன அட்லஸில் அதைப் போடுவதில்லை. இல்லையென்றால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடு. யார் கேட்டாலும் அழிக்காதே.

இப்படிக்கு,
விஜயபாஸ்கர்