அக்காவின் சிங்கிள் மால்ட்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கார் பழக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முதுகுதான் என்ன செய்யும், பாவம்.

ஒரு விஷயம். வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மாமா ரிட்டயர் ஆனபோது ஆபீசில் ஒரு விஸ்கி பாட்டில் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்குத்தான் அது ஆகாதே. தொட்டியில் கொட்டிவிடலாம் என்று நான்தான் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், பழைய மர அலமாரி. நம் வீட்டில் அப்பாமேல் அடித்த நாற்றம் அதில் துளியும் இல்லை.

இத்தனை வருஷம் மருந்துக்கடை நடத்திய மூக்கு, சும்மா இருக்குமா? இப்போது மாதம் ஒருமுறை ஒரு விஸ்கிக் கடை மாடியில் பத்துப் பேர் கூடி ருசி பார்க்கிறோம். முதல் நாள் ஐஸ் கேட்டேன். கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ அம்மா, ஐஸ் போட்டா வாசனை செத்துடும். ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க." விட்டதும், அதுவரை வாய் திறக்காத விருந்தாளி கலகலவென்று பேச ஆரம்பித்ததுபோல் இருந்தது. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்ததாம். அதற்குள்ளேயே ஒன்று தேன், ஒன்று கடல்காற்று, இன்னொன்று அச்சு அசல் நம் கடை டிங்சர்! இரண்டு வாய், அவ்வளவுதான். மீதியை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

திட்டுவாய். தெரியும்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

அப்பாவைத் தெருவிலிருந்து தூக்கி வந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீ தோள்பக்கம், நான் கால்பக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். தேன் என்கிறாய், ஆரஞ்சு என்கிறாய். என்ன பெயர் வைத்தாலும் குடி குடிதான். என் வீட்டில் இவள்கூட, "அவங்க என்ன சின்னப் பிள்ளையா, விடுங்க" என்கிறாள். என்னால் முடியாது. அதை விட்டுவிட்டால் எழுது. இல்லாவிட்டால் எழுத வேண்டாம்.

தம்பி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

விடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எனக்கும் எதுவும் மறக்கவில்லை. பஸ்ஸில் யாராவது குடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால், இந்த வயதிலும் என்னால் இருக்க முடியாது. இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறேன். அப்பா ஒருநாளாவது ருசித்துக் குடித்தாரா? மூக்கைப் பிடித்துக்கொண்டு கவிழ்ப்பார். நான் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எது நம் வீட்டைப் பிடித்து ஆட்டியதோ, அதை நேருக்கு நேர் பார்த்து, "நீ யாரு, எங்கிருந்து வர்றே?" என்று கேட்கிறேன். அதுவும் பதில் சொல்கிறது. இப்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்குவதில்லையடா.

கோபம் தணிந்ததும் எழுது.

அக்கா

ஜூன் 17

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உன் மனைவி போனில் நலம் சொன்னாள். மாமா கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன மாதம் ஒரு கிளாஸை மோந்துவிட்டு, "நெயில் பாலிஷ்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் மட்டும், "சரிதான், இது ரொம்ப இளசு, இளசுல அந்த வாசனை வரும்" என்றார். செப்டம்பரில் எங்கள் சங்கத்தில் ருசி பார்த்துக் கண்டுபிடிக்கிற போட்டி. பெயர் கொடுத்துவிட்டேன். வருகிறாயா என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

அக்கா

செப்டம்பர் 22

அருமைத் தம்பிக்கு,

ஜெயித்துவிட்டேன்!

லேபிள் இல்லாத கிளாஸ்கள். கடைசியில் நானும் ஒரு வக்கீலும்தான் மிச்சம். போன மூன்று போட்டியிலும் கோப்பை அவருக்குத்தான். கடைசி கிளாஸில் குப்பென்று புகை வாசனை, அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். பார்லியைப் புகைபோட்டு உலர்த்தியிருக்கிறார்கள் என்று அவர் உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். கூட்டமும் அதையே முணுமுணுத்தது. எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. மூக்கில் இருந்த புகை, விழுங்கியபின் நிற்கவில்லை. அடியில் தேன்தான் இருந்தது. "புகை பார்லியில இல்ல. இதுக்கு முன்னாடி புகை விஸ்கி அடைச்சு வச்ச பீப்பாய்ல இருந்து ஏறியிருக்கு" என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார்கள். "யோசிச்சாச்சு" என்றேன்.

கடைக்காரர் விடை இருந்த உறையைப் பிரித்துப் படித்தார். பீப்பாய்தான்! வக்கீலே முதலில் எழுந்து கைதட்டி, "வாதாடாம ஒத்துக்கறேன்" என்றார். மாமா நாற்காலிமேல் ஏறிவிட்டார், அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு! அடுத்த பிப்ரவரியில் இன்னொரு நகரத்துச் சங்கத்தோடு மோத, எங்கள் அணிக்கு நான்தான் தலைவி.

மேடையில் நின்றபோது உன்னைத்தான் தேடினேன். வந்திருக்க மாட்டாய் என்று தெரிந்தும்.

உன் அக்கா

அக்டோபர் 3

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவள் சத்தமாகப் படித்தாள். பீப்பாய் இடத்தில் நிறுத்தி, "கொஞ்சம் பொறுங்க" என்று என்னைத் தவிக்கவிட்டாள். நான் அதட்டி மேலே படிக்கச் சொன்னேன்.

மறுநாள் கார் பழக வந்த பெண்ணிடம் சிக்னலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "எங்க அக்கா விஸ்கிப் போட்டியில முதல் பரிசு." "குடிக்கிற போட்டியா சார்?" "கண்டுபிடிக்கிற போட்டிம்மா!" என்று கத்தினேன். அவள் பயந்து பிரேக்கை மிதிக்க, பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க, நான் சிரிக்க, ஒரே கூத்து.

அக்கா, எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்கும் என்றும் தோன்றவில்லை. ஆனால் நம் இரண்டு பேரில் ஒருத்தி அதை ஜெயித்துவிட்டாள். அது போதும் எனக்கு.

பிப்ரவரிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எனக்குக் காபி சொல்லிவை. நாற்காலி முன்வரிசையில் வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் உன்னிடம் தோற்கும்போது அவர்கள் முகம் போகிற போக்கை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

உன் தம்பி