பாடினால் ஓட்டுவதாக அர்த்தம்

ஜன. 4, சனி

பனி. காலை ஆறரைக்கு ஹைதராபாத்தில் எங்கள் அல்வால் தெருவில் எதிர் வீடு தெரியவில்லை.

இந்த நோட்டில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமில்லாததையும். தமிழில் எழுதக் காரணம், வகுப்பில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. எனக்கே ஞாயிறு பள்ளியில் அத்தை சொல்லிக்கொடுத்ததுதான். ஆகவே அத்தை மட்டும் ஆபத்து. நோட்டு அட்லஸுக்குள் இருக்கும்.

விஷயம்: பொங்கல் லீவில் விசாகப்பட்டினம். மாமா வீட்டில் தங்கல். முதல் நாள் கடற்கரைச் சாலையில் பீமிலி வரை சைக்கிள். அடுத்து, பீமிலியிலிருந்து உள்பக்கம் போகும் குன்றுச் சாலை. ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம், கடைசியில் ஒரு பெரிய ஏற்றம். வரைபடத்தில் விரலால் ஏழு முறை போய்வந்துவிட்டேன்.

போகிறவர்கள்:
1. ஸ்டெல்லா அத்தை. அப்பாவின் அக்கா, மாடி வீடு. சர்ச் பாடகர் குழுவின் தலைவி. குரல் ஆல்டோ.
2. அப்பா. டெனர்.
3. பக்கத்து வீட்டு தேவதாஸ் அங்கிள் (இனி தே.அ.). பேஸ். எடை கேட்டால் சொல்வதில்லை.
4. நான். நாளை தேறினால்.

அம்மா மாமாவின் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவார். தண்ணீர், வாழைப்பழம், பஞ்சர் சாமான்.

நாளைய பரீட்சை: பேகம்பேட் மேம்பாலம், ஒரே மூச்சில். அத்தை சொன்னது: "கால் தரையில பட்டா குன்றுக்கு நீ கார்ல. அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். யாரும் பார்க்க வேண்டாமாம். அத்தை எப்போதும் முன்னால், திரும்பிப் பார்ப்பதில்லை. (போன மாதம் ஒரு முறை திரும்பினார், நேராகக் கரும்பு ஜூஸ் வண்டி.) ஆகவே காதால் கணக்கு. எல்லோரும் பாடிக்கொண்டே ஓட்ட வேண்டும். குரல் நின்றால் ஆள் நின்றதாக அர்த்தம். மூன்றாம் வரிசையில் யார் வாய் மூடியிருக்கிறது என்று சர்ச்சில் திரும்பாமலே கண்டுபிடிப்பவர், சாலையிலும் அதே முறை.

எனக்குப் பாட அனுமதி இல்லை. பாடகர் குழுவில் என் வேலை பக்கம் புரட்டுவது. ஆகவே நான் மட்டும் தனிம வரிசை அட்டவணையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஜன. 5, ஞாயிறு

எழுந்தது 4.40. சாப்பிட்டது அரை வாழைப்பழம்.

வரிசை: அத்தை, அப்பா, நான், கடைசியில் தே.அ. அப்பா கடையில் பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை வாங்கியிருக்கிறார். அதைப் போட்டு, வெட்கப்பட்டு, மேலே அகலமான நைட் பேண்ட். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு அப்பா ஒரே பேண்டில்.

மேம்பாலம் தொடங்கும்போது ஹைட்ரஜன் சொன்னேன். பனியில் முன்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது. நியானில் மூச்சு வாங்கியது. சிலிக்கனில் கால் மரத்துப்போனது. ஆர்கான். அப்போது ஒரு சிட்டி பஸ் எனக்கும் அப்பாவுக்கும் நடுவே புகுந்தது. என் கால் தரையில் பட்டது. பட்டது என்பது சரியில்லை, வைத்தேன். இடது கால், நான்கு எட்டு. வாய் மட்டும் நிற்கவில்லை. பொட்டாசியம், கால்சியம், ஸ்காண்டியம். பிறகு ஏறி உட்கார்ந்து ஓட்டினேன்.

மறுபக்கம் இறங்கியதும் அத்தை கை தட்டினார். ஒரு இடத்திலும் என் குரல் அறுபடவில்லையாம். அப்பா எனக்கு நெய் தோசை வாங்கிக்கொடுத்தார். தே.அ. மட்டும் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு நேர் பின்னால் வந்தவர். பார்த்திருப்பாரா? தோசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தின்றார்.

உண்மை: நான் தேறவில்லை. அது தெரிந்தது எனக்கும் ஒருவேளை தே.அ.வுக்கும்.

ஜன. 6, திங்கள்

பள்ளி. கணக்கு வீட்டுப்பாடம். மூக்கடைப்பு.

நூலகப் புத்தகம் சொல்கிறது: நிமிடத்துக்கு எண்பது சுற்றாவது மிதிக்க வேண்டும். நம் குழு பாட்டின் தாளத்துக்கு மிதிக்கிறது, அதுதான் கோளாறு. நான் அளந்தது:

கிறிஸ்துமஸ் பவனிப் பாட்டு: மணிக்கு 21 கி.மீ.
அறுப்பின் பண்டிகைப் பாட்டு: 17
அடக்க ஆராதனைப் பாட்டு: 8, அத்தையின் சைக்கிள் ஆட்டம் காண்கிறது

ஏற்றம் வந்தாலே தே.அ. அடக்கப் பாட்டு எடுப்பார். அவருக்கு மனப்பாடம் அவைதான். எந்த அடக்கத்துக்கும் தவறாமல் போகிறவர். கடைசி வரியை இழுத்து நிறுத்துவார், காலும் நின்றுவிடும். அட்டவணையை அத்தையிடம் காட்டினேன். முகம் மாறிவிட்டது. பாட்டை அளக்கக் கூடாதாம்.

மாலை தே.அ. வேலி வழியாக ஒரு சாக்லேட் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை.

ஜன. 8, புதன்

இன்றும் சாக்லேட். மூன்றாவது. எனக்கு இரக்கம் காட்டுகிறார் போலிருக்கிறது, தாங்க முடியவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று போனேன். வராந்தாவில் சைக்கிள் பெடலைக் கழற்றிக்கொண்டிருந்தார், பார்சலில் அனுப்ப. மேம்பாலத்தைப் பற்றி ஒரு விஷயம் என்றேன். ஸ்பேனர் கை நழுவியது. "அதெல்லாம் இப்ப நக்கோடா, விட்டுடு. முடிஞ்சு போச்சு. மேம்பாலத்தைப் பத்தி யாரும் பேச வேணாம்." காது சிவந்திருந்தது. பெடல் இறுக்கமாக இருந்திருக்கும்.

அம்மாவிடம் போனேன். அவர் அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்து வரச் சொன்னார். முறுக்கு. எடுத்து வந்தேன்.

சொன்னால் குன்று போச்சு. சொல்லாவிட்டால் இந்த நோட்டின் முதல் பக்கத்தைக் கிழிக்க வேண்டும். நல்ல நோட்டு.

ஜன. 10, வெள்ளி

செகந்திராபாத் ஸ்டேஷன். சைக்கிள் நான்கு, சாக்குப்பையில் சுற்றி. பார்சல் ஆபீஸ்காரர் தே.அ.வின் சைக்கிளைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு லேசாக இருக்கிறதே, இது இவருக்கா என்று தெலுங்கில் கேட்டார். தே.அ. "ஹவ், எனக்குத்தான், கைக்கு?" என்றார், அதாவது ஆமாம், ஏன் என்று. அவர் ஒன்றுமில்லை என்று ரசீது கிழித்தார்.

எதிர் பெர்த் பாட்டி ஒருவர், கூட்டமாகக் கல்யாணத்துக்குப் போகிறோமா என்று விசாரித்தார். குன்று ஏற என்று அம்மா சொன்னதும் முறுக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், படுத்துவிட்டார்.

ஜன. 11, சனி

வெயில், உப்புக் காற்று. விசாகப்பட்டினத்திலிருந்து பீமிலி.

கடல் முழுவதும் வலப்பக்கம். இதை எப்படி எழுதுவது? ஹைதராபாத்தில் வலப்பக்கம் எப்போதும் ஏதாவது கட்டடம். இங்கே வலப்பக்கத்தை எடுத்துவிட்டார்கள். படகுகள் மணலில் சாய்ந்து. வலையில் ஒரு நாய் தூக்கம். காய வைத்த மீனின் வாசனை ஒரு கி.மீ. முழுக்க, அதற்குள் அப்பா இரண்டு பாட்டை முடித்துவிட்டார், மூச்சை உள்ளே இழுக்காமலிருக்க. ஒரு வளைவில் சாலை உயர்ந்து, பிறகு நேராகக் கடலுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. துத்தநாகம், காலியம், ஜெர்மானியம் என்று கத்திக்கொண்டே போனேன். எனக்கு இறக்கைதான் குறை.

டீக்கடைக்காரர் எந்த பஜனைக் கோஷ்டி என்று கேட்டார். இது ஸ்போர்ட்ஸ் என்றார் அத்தை. அந்தப் பாப்பா மட்டும் வேறு சாமி பெயர் சொல்கிறதே என்றார் கடைக்காரர்.

அத்தை முதன்முறையாக என் சைக்கிளைத் தட்டிக்கொடுத்து, "திங்கக்கெழம குன்றுல நீ என் பின்னால வா, அப்பனுக்கு முன்னால" என்றார். பதவி உயர்வு.

ஜன. 12, ஞாயிறு

மாமாவின் சர்ச். தே.அ.வைப் பாடச் சொன்னார்கள். அடக்கப் பாட்டு பாடினார். வீட்டில் கோழி பிரியாணி.

மாலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் அத்தை துணி எடுத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். இடது கால், நான்கு எட்டு, ஆர்கானுக்கும் பொட்டாசியத்துக்கும் நடுவில்.

அத்தை கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "குரல் நிக்கலையே?"

"குரல் நிக்கல அத்தை. கால்தான்."

கோபமில்லை. பரீட்சை பேப்பரில் எதிர்பாராத கேள்வி வந்தவர்களின் முகம்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்றேன்.

"சொல்லாத. ரூல் ரூல்தான். நாளைக்கு நீ கார்ல."

கீழே வந்து அட்லஸில் குன்றைப் பார்த்தேன். மூடிவிட்டேன். அழவில்லை. கொஞ்சம்.

ஜன. 13, திங்கள்

தெரு முழுக்க போகிப் புகை. பீமிலி வரை எல்லோரும் காரிலும் ஒரு மினி வேனிலும். அங்கிருந்து மூவர் சைக்கிளில். என் சைக்கிள் மாமா காரின் பின்னால் கட்டப்பட்டுச் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டு. எனக்கு வயிற்று வலி என்று அத்தை அறிவித்திருந்தார். அது பொய். என் நோட்டில் அத்தையின் பொய்யும் உண்டு.

அம்மாவும் நானும் முதலில் ஒரு கடையில் நின்று தண்ணீர் கேன் வாங்கினோம். ஆகவே அரை மணி பின்னால். முந்திரித் தோப்பு, சிவப்பு மண், பனைமரம், ஒன்றன்பின் ஒன்றாக முதுகு காட்டும் மேடுகள். அழகு. ஜன்னல் வழியாகப் பார்க்க எரிச்சலான அழகு. மடியில் இரண்டு டஜன் வாழைப்பழம்.

பெரிய ஏற்றம். வளைவுக்கு அப்பாலிருந்து மூன்று குரலும் வந்தன. ஆல்டோ, டெனர், பேஸ், அடக்கப் பாட்டு, ஒரு சுருதி பிசகில்லை. என்ன கால்கள், என்று நினைத்தேன். பொறாமை.

வளைவு திரும்பினோம்.

மூவரும் நடந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. முன்னால் அத்தை, நிமிர்ந்த தலையோடு பாடியபடி. பின்னால் அப்பா, நைட் பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாடியபடி. கடைசியில் தே.அ. ஒருவருக்கொருவர் பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளி. யாரும் முன்னால் பார்க்கவில்லை, பின்னால் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்ற இருவரும் ஓட்டுவதாக நம்பிக்கொண்டு.

அம்மா ஹார்ன் அடித்தார்.

பாட்டு நின்றது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். பாட்டி ஒருத்தி ஆடுகளோடு போனாள், ஆடுகளும் பார்த்தன.

"அக்கா, நீயுமா?" என்றார் அப்பா.

"மேம்பாலத்துல நீ என்ன பண்ண, அத மொதல்ல சொல்லு."

அப்பா பாதி மேம்பாலம் நடந்தாராம். அத்தை முக்கால். தே.அ. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கார் ஜன்னலுக்கு வந்தார். "நீ கால் வெச்சத நான் பார்த்தேன்மா. நானே மொதல்லேர்ந்து நடந்துட்டுதான் இருந்தேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?" சாக்லேட்டின் பொருள் விளங்கியது.

பேகம்பேட்டில் அன்று அதிகம் ஓட்டியது நான்தான். நான்கு எட்டு போக மீதி எல்லாம்.

அம்மா என்ஜினை அணைத்தார். "எறங்கு. சைக்கிள அவுக்கலாம்." அத்தையைப் பார்த்து, "அண்ணி, ஒங்க ரூல்படி இப்ப கார்ல மூணு பேரு. எடம் இல்ல. வாழப்பழம் இருக்கு" என்றார்.

ஏறினேன். முதல் கியர். வாயைத் திறக்கவில்லை, புத்தகத்தில் எங்கும் பாடச் சொல்லவில்லை, மூச்சு காலுக்கு வேண்டும். தே.அ.வைத் தாண்டினேன், அப்பாவை, அத்தையை. தொடை எரிந்தது. சாலை என் முன்சக்கரத்தின் முன்னால் ஒரு முழம் மட்டும் இருந்தது. அந்த முழம் முடிந்தால் அடுத்த முழம். திடீரென்று முழம் கீழே இறங்க ஆரம்பித்தது. உச்சி. தூரத்தில் ஒரு கோடாகக் கடல். கால் வைத்தேன், மேலே வந்த பிறகு.

இருபது நிமிடம் கழித்து அத்தை தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். முதல் வார்த்தை: "ஒரு சத்தமும் வரல. நீ ஓட்டித்தான் வந்தங்கிறதுக்கு என்ன சாட்சி?"

"நான் பின்னாலயே வந்தேன், கண்ணால பார்த்தேன்" என்றார் அம்மா.

அத்தை யோசித்தார். கண்ணால் பார்த்தது கணக்கில் வருமா என்று ரூல் இல்லை. கடைசியில் ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் கொடுத்தார்.

இரவு 8.30, மாமா வீடு. சர்ச் நோட்டீஸ் போர்டுக்கு அத்தை அறிக்கை சொல்ல, நான் எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருப்பதால். "நால்வரும் குன்றை ஓட்டி ஏறினோம்" என்றார். பேனாவை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "சரி. நால்வரும் உச்சிக்கு வந்தோம், பாட்டு நிற்கவில்லை. போதுமா?" ஹார்ன் அடித்தபோது நின்றது என்றேன். அத்தை இரண்டாவது பாதியை அடிக்கச் சொன்னார்.

முழங்கால் வீக்கம். மஞ்சள் பற்று. அட்லஸுக்குள் என்ன எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று அத்தை இப்போது கேட்கிறார். தனிம வரிசை அட்டவணை என்று சொன்னேன் (இது பொய், குறித்துக்கொள்கிறேன்). நம்பவில்லை. வருகிறா

விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் எழுதுகிறேன், நோட்டு தப்பித்தது.