உச்சிக்குழிக்கு ஒரு நூல்

லண்டன்,
9.2.1972

அன்புள்ள மாரிக்கனிக்கு,

நான் சுகம். பரளச்சியில் அம்மாவும் நீயும் நம் பிள்ளையும் சுகந்தானே?

நாலாம் மாதமே பிள்ளைக்கு உச்சிக்குழி மூடிவிட்டதென்றும், "மண்ட கெட்டிப்பட்டுருச்சு, இனிக் கவலயில்லத்தா" என்று அம்மா சந்தோஷப்பட்டதாகவும் எழுதியிருந்தாய்.

இங்கே எலிக்குஞ்சுகளின் மண்டையோட்டில் எலும்புகள் எப்போது ஒட்டுகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. போன வாரம் ஒரு குஞ்சுக்குச் சீக்கிரமே ஒட்டிவிட்டது. மூளை வளர இடமில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நீ பயப்படாதே. புருவத்துக்கு மேலே பிள்ளையின் தலையைச் சுற்றி நூல் பிடித்து, அளவாக அறுத்துக் கவரில் வைத்து அனுப்பு. அவன் தலை எவ்வளவு பெரிதென்று எனக்கு இன்னும் தெரியாது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நூலை அனுப்பிய கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறு, பெரிய டாக்டரிடம் காட்டு. என் பதிலுக்குக் காத்திருக்காதே.

சீனிச்சாமி